கருப்பைக் கட்டியும் ஒப்பந்தக் கூலியும்: தண்டலம் தொழிற்தடத்தில் ஒரு கர்ப்பத்தின் பாதுகாப்பு

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தைக் கடந்ததும் தண்டலம் வருகிறது. சாலையோரத்தில் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கட்டடங்கள். அதற்கப்பால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். தெற்கே வல்லம் வடகால், ஒரகடம். கார், டயர், கைப்பேசி என்று இந்தியாவின் ஏற்றுமதிப் பெருமிதங்கள் பலவும் இந்தத் தடத்தில்தான் உருவாகின்றன. ஷிப்ட் மாறும் நேரத்தில் இச்சாலையில் நின்று பார்ப்பவர் எவருக்கும் ஒன்று புலப்படும்: பேருந்துகளிலிருந்து இறங்கும் பெண்களில் முப்பது வயதைக் கடந்தவர்கள் அரிது.

இது தற்செயலன்று என்பதை 2024 ஜூன் 25 அன்று வெளியான ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புலனாய்வு உலகுக்குச் சொன்னது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் உற்பத்திப் பிரிவில் திருமணமான பெண்கள் முறையாகத் தவிர்க்கப்பட்டதாக, முன்னாள் மனிதவள அலுவலர்களும் ஆள்சேர்ப்பு முகவர்களும் கூறியதை அச்செய்தி பதிவு செய்தது. குடும்பப் பொறுப்பு, கருவுறுதல், விடுப்பு, அணியும் நகை ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. மறுநாளே ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது. வேலை மறுக்கப்படுவது குறித்து அப்போது பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதும்கூட. ஆனால் இந்த ஆள்சேர்ப்பு முறைக்கு ஒரு மருத்துவ விளைவும் உண்டு. உடல் நலமாக இருக்கும் வயதில் ஒரு பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு இருக்கிறது. கருப்பையில் கட்டி வரக்கூடிய வயதில், அக்கட்டியோடு அவள் கருவைச் சுமக்க நேரும் வயதில், அக்காப்பீடு அவளிடம் இருப்பதில்லை. அந்த இடைவெளியில் விழுபவர்களில் தலித் பெண்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேடும் சொல்வதில்லை.

மக்கள் 'கர்ப்பப்பையில் கட்டி' என்று அச்சத்தோடு சொல்வதை மருத்துவர்கள் ஃபைப்ராய்டு என்கிறார்கள். கருப்பைச் சுவரின் தசையிலிருந்து வளரும் நார்க்கட்டி இது. புற்றுநோய் அன்று, புற்றாக மாறுவதும் மிக அரிது. பட்டாணி அளவிலும் இருக்கலாம், தேங்காய் அளவிலும் இருக்கலாம். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் மிகுதியாகக் காணப்படுகிறது. ஸ்கேன் செய்யப்படும் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர் வரை இக்கட்டி தென்படக்கூடும் என்று ஆய்வுகள் கூறுகின்றன.

அச்சத்தை முதலில் அதன் அளவுக்குள் நிறுத்த வேண்டும். கட்டியோடு கருவுறும் பெண்களில் பெரும்பாலோருக்கு எந்தச் சிக்கலும் வருவதில்லை. கட்டி குழந்தைக்குத் தொற்றுவதில்லை, குழந்தையின் ஊட்டத்தைத் 'தின்று' வளர்வதும் இல்லை. பல கட்டிகள் கர்ப்பகாலத்தில் அளவு மாறாமலே இருக்கின்றன. வளர்பவையும் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான் வளர்கின்றன. குழந்தையின் உறுப்புகள் கட்டியால் நேரடியாக நசுங்கிப் பழுதடைவது மிக மிக அரிது. கட்டி இருக்கிறது என்பதற்காகவே கருவைக் கலைக்கச் சொல்வதற்கோ, பிரசவத்தோடு கருப்பையை எடுத்துவிடச் சொல்வதற்கோ மருத்துவ அடிப்படை இல்லை.

ஆபத்து வேறு வழியில் வருகிறது. கட்டி பெரிதாக இருந்தால், பலவாக இருந்தால், கருப்பையின் கீழ்ப்பகுதியிலோ நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடத்துக்குப் பின்னாலோ இருந்தால் நிலைமை மாறுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான மருத்துவ மீளாய்வு ஒன்றின்படி, குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் குறுக்காகவோ கால் முன்னாகவோ கிடப்பது கட்டி இல்லாதவர்களில் 4.5 விழுக்காடு, இருப்பவர்களில் 13 விழுக்காடு. குறைப்பிரசவம் ஏறத்தாழ 11 விழுக்காட்டிலிருந்து 16 ஆக உயர்கிறது. பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி பிரிந்துவிடும் கொடிய நிலை 0.9 விழுக்காட்டிலிருந்து 3 ஆகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கும் கூடுகிறது. கட்டி உள்ள கருப்பையால் சரியாகச் சுருங்க முடியாமல் போவதே காரணம். குழந்தையைப் பொறுத்தவரை இவற்றின் பொருள் ஒன்றே: நாளுக்கு முன் பிறப்பது, எடை குறைந்து பிறப்பது, அல்லது நஞ்சுக்கொடி பிரியும் அந்தச் சில நிமிடங்களில் உயிர்வளி கிட்டாமல் போவது.

இந்த ஆபத்துகளைக் கூட்டிக் குறைக்கும் காரணிகளில் பல கருப்பைக்கு வெளியே இருக்கின்றன. முதல் ஸ்கேன் எந்த வாரத்தில் எடுக்கப்பட்டது? கட்டியின் இடமும் அளவும் அவள் கையிலுள்ள பதிவு அட்டையில் எழுதப்பட்டனவா? இரத்த ஏற்றுவசதியும் மயக்க மருத்துவரும் உள்ள மருத்துவமனையில் பிரசவம் திட்டமிடப்பட்டதா? குறைப்பிரசவ அறிகுறி தெரிந்தவுடன் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசி உரிய நேரத்தில் கிடைத்ததா? இவையெல்லாம் கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன.

எல்லாவற்றுக்கும் முன்னே இரத்தம் நிற்கிறது. நார்க்கட்டி உள்ள பெண்ணுக்கு மாதவிடாயில் இரத்தம் மிகுதியாகப் போகிறது. பல ஆண்டுகள் அப்படிப் போன பிறகே அவள் கருவுறுகிறாள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் 48.3 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். 7 கிராம் ஹீமோகுளோபினோடு பிரசவ அறைக்குள் நுழையும் பெண்ணுக்கும் 12 கிராமோடு நுழையும் பெண்ணுக்கும் ஒரே அளவு இரத்தம் போனால், விளைவு ஒன்றாக இருக்காது. தாய்க்குக் கடுமையான இரத்தசோகை இருந்தால் குழந்தையின் எடையும் குறைகிறது. ஆக, கட்டியும் சோகையும் சேரும் இடத்தில்தான் உண்மையான அபாயம் இருக்கிறது. சோகை எந்தத் தட்டில் எவ்வளவு சோறும் முட்டையும் கீரையும் விழுகிறது என்பதோடு தொடர்புடையது. 2021 டிசம்பரில், விடுதி உணவால் 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் இதே நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்ததை நினைவில் கொள்ளலாம். அன்று அவர்கள் கேட்டது சோறு பற்றியது. அதைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாக மட்டும் படித்தவர்கள் உடல்நலச் செய்தி ஒன்றைத் தவறவிட்டார்கள்.

அடுத்தது வலி. கர்ப்பத்தின் நடுமாதங்களில் கட்டிக்குப் போதிய இரத்தம் கிட்டாமல் அதன் உட்பகுதி சிதையத் தொடங்கும்போது கடும் வலி வரும்; சிலருக்குக் காய்ச்சலும் சேரும். ஓய்வும் பாராசிட்டமாலும் மருத்துவக் கண்காணிப்பும் இருந்தால் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். ஆனால் ஐபுப்ரோஃபன் வகை வலி மாத்திரைகளைக் கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பின் தவிர்க்க வேண்டும் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, கருவைச் சூழ்ந்த நீரைக் குறைக்கக்கூடும். இறுதி மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய இரத்தக்குழாய் ஒன்று காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளவும் காரணமாகலாம். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலகங்களில் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசி வெளியிட்ட புலனாய்வு, மாதவிடாய் வலிக்குப் பெயரற்ற மாத்திரைகள் பணியிடத்திலேயே கொடுக்கப்படுவதைக் காட்டியது; மருத்துவர்கள் பார்த்துச் சொன்னபடி அவை இந்த வகை மாத்திரைகளே. இது ஸ்ரீபெரும்புதூரின் மின்னணு ஆலைகளைப் பற்றிய செய்தி அன்று. ஆயினும் உற்பத்தி இலக்கு ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் வலியோடு நிற்கும் பெண்ணுக்கு ஓய்வைவிட மாத்திரை எளிதில் கிடைக்கும் என்பது எல்லாத் தொழிற்தடங்களுக்கும் பொதுவான உண்மை. தான் கருவுற்றிருப்பதைச் சொன்னால் வேலை போகும் என்று அஞ்சுபவள், அந்த மாத்திரையை வாங்கும்போது கர்ப்பத்தைப் பற்றிச் சொல்வாளா?

இங்கே சட்டத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன்கள் சட்டத்தின் 4(3)ஆம் பிரிவு, கருவுற்ற பெண் கேட்டுக்கொண்டால், கடின வேலையிலோ நீண்ட நேரம் நிற்க வேண்டிய வேலையிலோ அவளை ஈடுபடுத்தக் கூடாது என்றது. 'நீண்ட நேரம் நிற்றல்' என்ற சொற்களே சட்டத்தில் இருந்தன. நீண்ட நேரம் நிற்பதும் இரவுப்பணியும் குறைப்பிரசவ வாய்ப்பைச் சற்றேனும் கூட்டுவதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. எனவே இது பொருளுள்ள பிரிவுதான். ஆனால் அது பிரசவ நாளுக்கு முந்தைய பத்து வாரங்களுக்கு மட்டுமே, அதாவது ஏறத்தாழ 30ஆம் வாரத்திலிருந்து, பொருந்தியது. கட்டி சிதையும் வலி அதற்கு வெகு முன்பே வந்து போய்விடும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இந்தக் காலக்கணக்கை மாற்றவில்லை.

இன்னொரு முரணும் உண்டு. இ.எஸ்.ஐ. சட்டத்தின் கீழ் வரும் ஆலைகளுக்கு 1961 சட்டம் சில விதிவிலக்குகள் தவிரப் பொருந்தாது என்று அதன் 2ஆம் பிரிவே ஒதுக்கி வைத்தது. அதாவது, மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் காப்பீட்டுத் தொழிலாளிக்கு 26 வாரப் பணப்பயன் இ.எஸ்.ஐ. வழியே கிடைத்தது, நின்றுகொண்டே செய்யும் வேலையை மறுக்கும் உரிமை அந்தச் சட்டத்தின் வழியே அவளுக்கு வரவில்லை. அந்த உரிமை தாளில் எவருக்கு அதிகம் பயன்பட்டிருக்கும் என்று யோசித்தால், நாற்காலியில் அமர்ந்து பணி செய்பவர்களே நினைவுக்கு வருகிறார்கள்.

ஆயினும் கையில் இருக்கும் கருவி ஒன்று பெரும்பாலும் துருப்பிடித்தே கிடக்கிறது. கருவுற்றதால் ஏற்படும் நோய்க்கு, மகப்பேறு விடுப்புக்கு மேலாக ஒரு மாத ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. 1961 சட்டத்தில் அது 10ஆம் பிரிவு, இ.எஸ்.ஐ.யிலும் அப்பயன் இருக்கிறது. கட்டி சிதைந்து வலியால் துடிக்கும் பெண்ணுக்கும், குறைப்பிரசவ அச்சத்தால் படுக்கையில் இருக்கச் சொல்லப்பட்ட பெண்ணுக்கும் இது பொருந்தும். மருத்துவர் எழுதும் சான்றிதழில் 'ஓய்வு தேவை' என்று மட்டும் இராமல், கருவுற்றதால் ஏற்பட்ட நோய் என்று தெளிவாக இருக்க வேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் இந்த ஒரு வரியை அறிந்திருந்தாலே பலருக்குப் பயன்படும்.

இதெல்லாம் காப்பீட்டு எண் உள்ளவளுக்கு. தொழிற்பயிலுநராகச் சேர்க்கப்படுபவர் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பயிலுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி தொழிலாளியே அல்லர், இ.எஸ்.ஐ.யின் வரையறையும் அவரை விலக்குகிறது. தொழிலாளியாகச் சேர்ந்து காப்பீடு பெற்றவளும் திருமணத்தையொட்டி வேலையை விட்டால், அல்லது விட வைக்கப்பட்டால், சிறிது காலத்தில் மருத்துவப் பயனும் முடிந்துபோகிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. பாதுகாப்பான தங்குமிடம் என்ற வகையில் அது தேவையே. ஆனால் இத்தொழில்தடம் எந்தப் பெண்ணை மனத்தில் வைத்துத் திட்டமிடப்படுகிறது என்பதையும் அக்கட்டடம் காட்டுகிறது: குடும்பமற்றவள், கருவுறாதவள், இளையவள். ஐந்தாறு ஆண்டுகளில் அவள் வெளியேறுவாள், இன்னொருத்தி வருவாள். வெளியேறியவள் முப்பது வயதைக் கடந்து மீண்டும் வேலை தேடி வரும்போது அவளுக்குத் திறந்திருப்பவை கேன்டீன், துப்புரவு, விடுதிப் பராமரிப்பு, தோட்டவேலை. அவையும் ஒப்பந்தக்காரரின் பேரேட்டில். இவற்றில் எந்தச் சாதிப் பெண்கள் நிரம்பியிருக்கிறார்கள் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த மண்ணின் பழைய கணக்கும் இதில் சேர்ந்திருக்கிறது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் இப்பகுதிச் சேரிகளின் நிலைபற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்தே 1892இல் பஞ்சமி நிலங்களை ஒதுக்கும் ஆணை பிறந்தது. அந்நிலங்களை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் காரணையைத் தொடர்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். நிலம் கைவிட்டுப் போன குடும்பத்தின் மகளுக்கு ஒப்பந்த வேலையை மறுத்துவிட்டு ஒரு மாதம் ஓய்வெடுக்கும் வசதி இருப்பதில்லை.

காப்பீடற்றவள் எங்கே போவாள்? ஆரம்ப சுகாதார நிலையமும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு அரசு மருத்துவமனைகளும் எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையும் இருக்கின்றன. தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு இந்தியாவின் பல மாநிலங்களைவிட வலுவானது என்பதை மறுப்பதற்கில்லை; குழந்தை இறப்பு விகிதம் 2020இல் ஆயிரத்துக்கு 13 என்ற அளவுக்கு இறங்கியது அதன் சான்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டத்தின் 18,000 ரூபாயும் இரும்புச்சத்து ஊசியும் பல உயிர்களைக் காத்திருக்கின்றன. சிக்கல், பகல் நேரப் புறநோயாளர் பிரிவுக்கும் ஷிப்டுக்கும் இடையே இருக்கிறது. ஒருநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்பதா, மாலையில் திறந்திருக்கும் தனியார் ஸ்கேன் மையத்துக்குப் போவதா என்ற தேர்வில் பலரும் இரண்டாவதைத் தேர்கிறார்கள். அங்கிருந்து அறிக்கை மட்டும் வருகிறது. அதைப் படித்து விளக்கும் ஆள் வருவதில்லை. 'கட்டி' என்ற ஒற்றைச் சொல் அச்சமாக வீட்டுக்குள் நுழைகிறது.

அந்த அச்சம் பணமாக்கப்படுவதை இந்தியா பார்த்திருக்கிறது. பீகார், சத்தீஸ்கர், இராஜஸ்தான் மாநிலங்களில் தேவையற்ற கருப்பை அகற்றல்கள் நடந்தது குறித்து மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், அவற்றுக்குப் பலியானவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்கள் என்பது முன்வைக்கப்பட்டது. அரசுக் காப்பீட்டுத் தொகையே அதற்குத் தூண்டுதலாக இருந்தது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம், ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்று நடைமுறைப்படுத்துமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. மராட்டியத்தின் பீட் மாவட்டத்திலோ காரணம் காப்பீடும் அன்று. கரும்பு வெட்டும் பெண்கள் மாதவிடாயால் கூலி இழக்காதிருக்கவே கருப்பையை இழந்தார்கள். அங்கு ஆய்வுக்குட்பட்ட ஏறத்தாழ 82,000 பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் என்று அரசு அமைத்த குழுவே கண்டறிந்தது. நாடு முழுவதும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இது 3 விழுக்காட்டளவே. ஆக, ஒருபுறம் கட்டியைக் கவனிக்காமல் விடுவதும், மறுபுறம் கட்டியைக் காரணம் காட்டிக் கருப்பையையே எடுப்பதும் ஒரே உடலின் மீது நிகழ்கின்றன.

இதே நோயை அமெரிக்கா வேறுவிதமாகப் படித்திருக்கிறது. ஐம்பது வயதுக்குள் கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கும், வெள்ளையினப் பெண்களில் 70 விழுக்காட்டினருக்கும் நார்க்கட்டி தோன்றியிருப்பதை 2003இல் வெளியான ஆய்வொன்று ஸ்கேன் மூலம் நிறுவியது. கறுப்பினத்தவர்களுக்கு அது இளவயதிலேயே வருகிறது, பெரிதாகவும் வருகிறது. 1995இல் ஏறத்தாழ 59,000 கறுப்பினப் பெண்களோடு தொடங்கிய நெடுங்கால ஆய்வு, இனப்பாகுபாட்டை அதிகம் எதிர்கொண்டதாகச் சொன்னவர்களிடம் கட்டியும் கூடுதலாக இருந்ததை 2007இல் வெளியிட்டது. அவமதிப்பு உடலில் சுரப்பிகள் வழியே வேலை செய்கிறதா என்பது இன்னும் விவாதத்தில் உள்ள கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்ப அவர்களிடம் எண்கள் இருந்தன. கறுப்பின உறுப்பினரான ஸ்டெபனி டப்ஸ் ஜோன்ஸின் பெயரால் நார்க்கட்டி ஆராய்ச்சிக்கான மசோதாவே அந்நாட்டு நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது.

இங்கே? தேசியக் குடும்பநல ஆய்வு சாதியையும் கேட்கிறது, கருப்பை அகற்றப்பட்டதா என்றும் கேட்கிறது. கட்டியோடு கருவுற்றவளுக்கும் அவள் குழந்தைக்கும் என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. 2005 முதல் நடைமுறையில் உள்ள ஜனனி சுரக்ஷா திட்டத்தில், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணுக்கு ஊரகத்தில் 700 ரூபாய், நகரத்தில் 600 ரூபாய் தரப்படுகிறது. அந்தத் தொகைக்காகப் பிரசவ விடுதியின் வாசலில் அவள் சாதி பதிவாகிறது. ஆனால் அதே பிரசவத்தில் குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, என்ன எடை, தாய்க்கு எத்தனை யூனிட் இரத்தம் ஏற்றப்பட்டது என்பவற்றோடு சாதியைச் சேர்த்துப் படிக்க எவரும் முனைவதில்லை. 700 ரூபாய்க்குத் தேவைப்படும் சாதி, உயிர்க்கணக்குக்குத் தேவையில்லாமல் போகிறது. தலித் பெண்களின் சராசரி இறப்பு வயது உயர்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று 2018இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு வெளியிட்ட அறிக்கை கூறியது. அந்த 14.6 ஆண்டுகள் எங்கெங்கே உதிர்கின்றன என்று கண்டுபிடிக்க இத்தகைய பதிவுகளையே தோண்ட வேண்டும்.

தோண்டுவதற்குப் பெரிய ஆய்வு நிறுவனம் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு கல்லூரி மாணவரே இதைத் தொடங்கலாம். முப்பது நாட்களில் பதில் தரவேண்டும் என்பது சட்டம். காஞ்சிபுரம் மாவட்டச் சுகாதார அலுவலரிடம், கடந்த மூன்று ஆண்டுகளில் நார்க்கட்டியோடு பதிவான கர்ப்பிணிகளின் எண்ணிக்கை, அவர்களுள் பட்டியல் சாதியினர், 37 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைகள், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவை, 45 வயதுக்குட்பட்ட பெண்களுக்குச் செய்யப்பட்ட கருப்பை அகற்றல்கள் ஆகியவற்றைக் கேட்கலாம். 2023 உச்ச நீதிமன்ற ஆணைப்படி மாவட்டத்தில் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட்டதா, அது எத்தனை முறை கூடியது என்று தனியே ஒரு மனு போடலாம். இ.எஸ்.ஐ. மண்டல அலுவலகத்திடம், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் கருவுற்றதால் ஏற்பட்ட நோய்க்கான கூடுதல் ஒரு மாதப் பயனை எத்தனை பெண்கள் கோரினார்கள், எத்தனை பேர் பெற்றார்கள் என்று மூன்றாவது மனு. 'அப்படியான விவரம் பராமரிக்கப்படுவதில்லை' என்று பதில் வந்தால், அக்கடிதத்தையே மாநிலப் பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆணையத்துக்கும் மாநில மகளிர் ஆணையத்துக்கும் அனுப்பும் முறையீட்டின் முதல் இணைப்பாக வைக்க வேண்டும்.